சாம்பல் கல் தோடு

நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே சில ஊர்களில் கிணறு வெட்டினால் தண்ணீருக்கு முன்னால் கல் வரும். பெரும்பாலும் வெறும் கல்தான். எப்போதாவது ஒன்று வெயிலில் கண்ணைச் சிமிட்டும். அதை வேட்டி முனையில் முடிந்துகொண்டு ஆட்கள் நாச்சாத்தாள் வீட்டைத் தேடி வருவார்கள்.

நாச்சாத்தாள் கல் தேர்பவர். எந்தக் கல் நகைக்கு ஆகும், எது ஆகாது, ஆகுமென்றால் எந்த நகைக்கு ஆகும் என்று சொல்வது அவர் வேலை. அவர் ஆகாது என்று தள்ளிய கல்லை அந்தப் பக்கத்து ஆசாரிகள் கையால் தொடமாட்டார்கள். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

அவரிடம் ஒரே ஒரு சீடன் இருந்தான். பெயர் நல்லப்பன். சீடன் என்றதும் மீசை அரும்பிய பையனை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவன், பேரன் எடுத்தவன். அதுவரை சாயப்பட்டறை வைத்திருந்தான். நூலை முக்கி எடுத்து முக்கி எடுத்து அவன் நகக்கண்ணெல்லாம் நீலம் ஊறியிருந்தது. நிறம் என்றால் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வானவில்லே தன்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் மேலே ஏறுகிறது என்பதுபோலப் பேசுவான். பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு, நிறத்தில் தனக்குத் தெரியாதது ஏதாவது மிச்சமிருந்தால் அதையும் கற்றுக்கொள்கிறேன் என்று இங்கே வந்து சேர்ந்தான்.

தன்னைவிட இளையவரை "அம்மா" என்று கூப்பிட முதலில் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது. அவர் இவனை "அண்ணா" என்பார்.

சிவப்பும் பச்சையும் நீலமும் அவனுக்குச் சீக்கிரமே வசப்பட்டன. சாம்பல் நிறக் கற்களுக்கென்று நாச்சாத்தாள் தனியாக ஒரு பித்தளைத் தட்டு வைத்திருந்தார். எல்லாம் சந்திரகாந்தக் கற்கள். மேலே சாம்பல், உள்ளே பால் கலங்கியதுபோல ஒரு வெளிச்சம். அந்தத் தட்டு மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணுங்க."

"கேளுங்கண்ணா."

"செவப்புல நல்லது எது, பச்சையில நல்லது எதுன்னு சொல்லிக் குடுத்தீங்க. சாம்பல்ல நல்லது எதுங்க?"

"யாருக்குங்கண்ணா?"

"யாருக்கோங்க. பொதுவாச் சொல்லுங்களே."

"பொதுவா எனக்குத் தெரியாதுங்கண்ணா."

அவனுக்கு அது மழுப்பலாகப் பட்டது. சாயப்பட்டறையில் சாம்பல் என்பது எல்லாச் சாயமும் கலந்து கடைசியில் தொட்டியடியில் தேங்கி நிற்பது. அதை வேண்டுமென்று கேட்டு யாரும் வருவதில்லை. அதில் தெரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

சில நாள் கழித்து, தங்கை மகளுக்குக் காதுகுத்து என்று நாச்சாத்தாள் வெளியூர் போனார். வீடு நல்லப்பன் பொறுப்பில் இருந்தது. அன்று காலையில்தான் பாவாயி வந்தாள்.

பக்கத்து ஊர்க்காரி. அறுபது இருக்கும். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு காதில் சாம்பல் கல் தோடு. மறு காதில் வெறும் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். கையில் இருந்த துணியைப் பிரித்து, கல் விழுந்துபோன தோட்டின் தங்கக் கிண்ணத்தைக் காட்டினாள்.

"இதுக்கு ஜோடியா ஒரு கல்லு வேணுங்க. இன்னைக்கே வேணும்."

"உக்காருங்க. இன்னைக்கேன்னா, ஏதாவது விசேசங்களா?"

"விசேசமெல்லாம் இல்லீங்க." அவள் உட்கார்ந்தாள். சொல்வதா வேண்டாமா என்று சற்றுத் தயங்கினாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.

"எங்க ஊட்டுக்காரருக்கு நெனப்புத் தப்பிப் போச்சுங்க. பெத்த மகனைத் தெரியாது. படுத்திருக்கற ஊட்டையே இது யாரு ஊடுன்னு கேக்கறாரு. என்னை மட்டும் தெரியும். அதுவும் மொகத்தப் பாத்து இல்லீங்க. இந்தத் தோடு ரெண்டையும் பாத்துத்தான். சோத்த எடுத்துக்கிட்டுப் பக்கத்துல உக்காந்தா, இந்தக் காதப் பாப்பாரு, அந்தக் காதப் பாப்பாரு. அப்புறந்தான் வாயத் தொறப்பாரு. வேற யாரு ஊட்டுனாலும் துப்பிப்போடுவாரு."

"சரிங்க."

"அவரு துணியத் தொவைக்கப் போனப்ப வாய்க்கால்ல கல்லு வுழுந்துருச்சு. மணல அரிச்சு அரிச்சுப் பாத்தாச்சு, கெடைக்கல. அன்னையிலருந்து வாயத் தொறக்க மாட்டீங்கறாருங்க. 'யாராத்தா நீ, எங்க ஊட்டுக்காரி வரட்டும்'ங்கறாரு."

"இந்தக் காதை மட்டும் காட்டி உக்காந்து பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பனுங்களா? கையாலயே மொகத்தத் திருப்பி அந்தக் காதையும் பாக்கறாரு. தண்ணி மட்டும் எறங்குதுங்க. என்ற கண்ணு முன்னால மனுசன் பசியில காஞ்சுக்கிட்டிருக்காரு. நான் சோத்தக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

நாச்சாத்தாள் வரும்வரை காத்திருக்கச் சொல்ல நல்லப்பனுக்கு மனம் வரவில்லை. நிறத்துக்கு நிறம் சேர்க்கிற வேலைதானே, தனக்குத் தெரியாததா என்றும் தோன்றியது.

வடக்குச் சன்னலோரம் அவளை உட்காரவைத்தான். கல் தேர்கிறவர்கள் எல்லோரும் வடக்கு வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். வெயில் நேராக விழாது, நிறம் பொய் சொல்லாது. காதில் கிடந்த கல்லோடு தட்டிலிருந்த ஒவ்வொரு கல்லையும் ஒட்டிப் பிடித்துப் பார்த்தான். ஒன்று கருத்தது, ஒன்றில் பச்சை தட்டியது, ஒன்றில் பால் அதிகம். உச்சிப்பொழுது நெருங்கும்போது அந்தக் கல் அகப்பட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணை மூடித் திறந்து பார்த்தான். எது பழையது எது புதியது என்று அவனுக்கே குழம்பியது.

ஆசாரியிடம் ஓடி, கிண்ணத்தில் அரக்கு ஊற்றிப் பதித்து வாங்கிவந்தான். பாவாயி போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அன்று முழுவதும் நல்லப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் நாச்சாத்தாள் பொரியும் கடலையும் கட்டிய பையோடு திரும்பி வந்தார். நடந்ததை அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாவாயி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சுங்க?" என்றான் நல்லப்பன்.

"பாத்தாருங்க. இந்தக் காதப் பாத்தாரு. அந்தக் காதப் பாத்தாரு. 'எங்க ஊட்டுக்காரி தோடு உங்கிட்ட எப்புடி வந்துது'ன்னு கேட்டாரு. அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

நல்லப்பனுக்கு முகம் சுண்டியது. "நிறத்துல ஒரு மயிரிழை தப்பு இல்லீங்க. வாங்க, சன்னலுக்கு வந்து பாருங்க. நெனப்புத் தப்புனவருங்க அவரு, அவருக்கு என்ன தெரியப்போகுது?"

சொன்ன பிறகுதான் அதை யார் முன்னால் சொன்னோம் என்று உறைத்தது. பாவாயி தலையை நிமிர்த்தவில்லை.

நாச்சாத்தாள் அவளைக் கையைப் பிடித்து எழுப்பி, சன்னலோரம் கூட்டிப்போனார். இரண்டு காதையும் நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுபோலத்தாங்கண்ணா இருக்குது. நானா இருந்தாலும் இந்தக் கல்லைத்தான் எடுத்திருப்பேன்."

"அப்புறம் எங்கீங்கம்மா தப்பு?"

"தெரியலீங்கண்ணா. தட்டை எடுத்துக்குங்க. போயிப் பாக்கலாம்."

பாவாயி வீடு தோட்டத்துக்கு நடுவே இருந்தது. பெரியவர் காளியண்ணன் படுத்திருந்த அறைக்கு வடக்குச் சன்னல் கிடையாது. எந்தச் சன்னலும் கிடையாது. கட்டிலின் கால்மாட்டில் ஒரு வாசற்படி, அதற்கு வெளியே செம்மண் வாசல். வெயில் அந்த மண்ணில் பட்டுச் சிவந்து, தாழ்வாக உள்ளே வந்தது.

பெரியவர் வந்தவர்களைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கயிற்றுக் கட்டிலில் ஆள் கிடக்கிற பள்ளமே தெரியவில்லை.

"ஆத்தா, நீங்க சோறு ஊட்டற எடத்துல உக்காருங்க," என்றார் நாச்சாத்தாள்.

பாவாயி கட்டிலோரம் உட்கார்ந்தாள். நாச்சாத்தாள் தலைமாட்டுக்குப் போய்த் தரையில் மண்டியிட்டார். பெரியவரின் தலைக்குப் பக்கத்தில், கட்டில் சட்டத்தின் மேல் தன் கன்னத்தை வைத்தார். அங்கிருந்து பாவாயியை அண்ணாந்து பார்த்தார்.

பெரியவர் திரும்பி, தன் தலைக்குப் பக்கத்தில் இன்னொரு தலை இருப்பதைப் பார்த்தார். தலையணையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தார். வந்தவர்களுக்கு இடம் விடுவது அவருக்கு மறந்துபோகவில்லை.

நாச்சாத்தாள் அப்படியே சிறிது நேரம் இருந்தார். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, நீங்க வந்து பாருங்க."

நல்லப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தும் மண்டியிட்டுக் கன்னத்தை வைத்தான். கயிற்றில் மருந்தெண்ணெய் வாசம் அடித்தது. அண்ணாந்து பார்த்தான்.

பழைய கல்லின் அடிவிளிம்பில் ஒரு வெள்ளை வெளிச்சம் தங்கியிருந்தது. அவன் தேர்ந்த கல் அவிந்த அடுப்பாக இருந்தது.

"வேற வேற கல்லுங்க," என்றான்.

"ம்."

"அங்க ஒண்ணா இருந்துதுங்களே."

"அங்க ஒண்ணாத்தாங்கண்ணா இருந்துது."

நல்லப்பன் தட்டைத் தலைமாட்டுக்கு இழுத்து வைத்துக்கொண்டான். கன்னத்தை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி, ஒவ்வொரு கல்லாகப் பாவாயியின் காதோடு பிடித்துப் பார்த்தான். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் சிறிது நேரம் வேடிக்கை பார்த்தார், பிறகு தூங்கிப்போனார். வெயில் செம்மண்ணில் நகர்ந்துகொண்டே இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஒரு கல் சரியாக வந்தது. அதே வெளிச்சம், அதே இடத்தில்.

"கெடச்சுருச்சுங்கம்மா!"

நாச்சாத்தாள் பாவாயியைக் கேட்டார். "ராத்திரிச் சோறு எப்ப ஊட்டுவீங்க?"

"வெளக்கு வெச்சொடனேங்க."

"வெளக்க வெய்யுங்க."

பாவாயி விளக்கேற்றித் தலைமாட்டு மாடத்தில் வைத்தாள். நல்லப்பன் மறுபடி கன்னத்தை வைத்தான். பழைய கல்லில் வெளிச்சம் அப்படியே நின்றது. புதிய கல் பழுப்பேறிக் கிடந்தது. அவன் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"இந்தத் தட்டுல இல்லீங்க. நான் வெளியூரு போறேன். எத்தன தொலவானாலும் சரி, தேடிக் கொண்டாந்தர்றனுங்க."

நாச்சாத்தாள் கட்டிலைப் பார்த்தார். பெரியவரின் கழுத்தெலும்புக்கு மேலே விளக்கின் நிழல் குழியாக விழுந்திருந்தது. அவர் பார்ப்பதை நல்லப்பனும் பார்த்தான். அதற்கு மேல் வெளியூர்ப் பேச்சை எடுக்கவில்லை.

"ஆத்தா, அந்தப் பழைய கல்லுத் தோட்டைக் கழட்டிக் குடுங்க."

பாவாயி கை காதுக்குப் போய் நின்றது. "இத அவருதான் போட்டுவுட்டாருங்க. கண்ணாலமான வருசம் கெணறு வெட்டறப்ப கெடச்ச கல்லு. 'செவப்புக் கல்லுத் தோடு வாங்கித் தர வக்கில்ல பாவாயி, நம்ம பூமி குடுத்தது இதுதான்'னு சொல்லிப் போட்டுவுட்டாரு. கழட்டுனதே இல்லீங்க."

நாச்சாத்தாள் கையை நீட்டியபடி இருந்தார். அவசரப்படுத்தவில்லை. பாவாயி கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் காதோடு இருக்கக் கூடாதென்று விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்துச் செருகிக்கொண்டாள்.

நாச்சாத்தாள் தோட்டை விளக்கின் மேல் காட்டினார். அரக்கு இளகியது. ஊசி முனையால் தங்க விளிம்பை மெல்ல நிமிர்த்தி நெம்பினார். கல் உள்ளங்கையில் விழுந்தது.

இத்தனை வருடம் வெளியே தெரிந்தது மேல்பாதி மட்டும்தான். கீழே அதே அளவுக்கு இன்னொரு பாதி அரக்குக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. முதலில் இதைப் பதித்த ஆசாரி கல்லின் அடிவயிற்றைச் சீவாமல் அப்படியே உட்காரவைத்துவிட்டார்.

"இவ்வளவு பெரிய கல்லுங்களா!" என்றான் நல்லப்பன்.

நாச்சாத்தாள் பாவாயியிடம் திரும்பினார். "இதைக் குறுக்கால ரெண்டா அறுத்தா ரெண்டு காதுக்கும் ஆகும் ஆத்தா. மேல இருந்து பாக்கற அகலம் கொறையாது, கனந்தான் கொறையும். ஒரே கல்லுங்கறதால எந்த வெளிச்சத்துலயும் ரெண்டும் ஒண்ணா இருக்கும்."

பாவாயி முகத்தில் உயிர் வந்தது.

"இருங்க, மீதியையும் கேட்டுக்குங்க. இது ஏடு ஏடா அடுக்கி வளந்த கல்லு. அறுக்கறப்ப ஏடு பிரிஞ்சா பொடிப்பொடியாப் போயிரும். இருக்கற ஒண்ணும் மிஞ்சாது. பிரியாம வந்தாலும், கனம் கொறஞ்சா நிறமும் கொறையும். பழைய மாதிரி இருக்காது. ரெண்டும் வெளுத்துத்தான் இருக்கும்."

பாவாயி கல்லைக் கையில் வாங்கினாள். புடவைத் தலைப்பால் அதில் ஒட்டியிருந்த அரக்கைத் துடைத்தாள். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள்.

"இத முழுசா வெச்சுக்கிட்டு அவரப் பட்டினி போடறதுங்களா? அறுங்க."

மறுநாள் காலையில் நாச்சாத்தாள் தன் வீட்டுக் கல்பட்டறையைப் பெருக்கி, கல்லைக் குச்சி நுனியில் அரக்கு வைத்து நிறுத்தினார். கல் அறுக்கிற வில்லில் நாணுக்குப் பதில் மெல்லிய கம்பி இருக்கும். கம்பியில் குருந்தக்கல் பொடியைச் சேறாகக் குழைத்துப் பூசி, முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். கம்பி அறுக்காது, சேறுதான் அறுக்கும். நல்லப்பனும் விலைபோகாத கற்களில் அதைப் பழகியிருந்தான்.

நாச்சாத்தாள் வில்லை அவனிடம் நீட்டினார்.

"நானுங்களா? வேண்டாங்கம்மா, நீங்க அறுங்க. செதறிப்போச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"என்னால மட்டும் முடியுங்களாண்ணா?"

"அப்புறம் எதுக்குங்க எங்கிட்டக் குடுக்கறீங்க?"

"அவரு தலகாணிய நகத்தி வெச்சதுலருந்து என்ற கை அவசரப்படுதுங்கண்ணா. உங்க கை பயந்து கெடக்குது. அது மெதுவாப் போகும்."

அவன் வில்லை வாங்கினான். பாவாயி ஒரு மூலையில் வந்து உட்கார்ந்தாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை.

நல்லப்பன் இழுத்தான். நாச்சாத்தாள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். கம்பி கல்லில் இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை. காதுக்கு மட்டும் ஒரு நறநறப்பு கேட்டது. அவன் புருவத்து வேர்வை மூக்கில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். சத்தம் மாறியது.

"அம்மா."

"பாத்தேன். நிறுத்துங்க."

கம்பி போகிற வழிக்கு மேலே, கல்லுக்குள் ஒரு நூல் வெள்ளையாக ஓடியிருந்தது. ஏடு பிரியத் தொடங்கிவிட்டது. மூலையில் பாவாயி எழுந்து நின்றாள். நல்லப்பன் வில்லை அசைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டான். ஒரு இழுப்பு இழுத்தால் போயிற்று என்று அவனுக்குத் தெரிந்தது.

"வில்ல எடுத்துருங்கண்ணா. குச்சியத் திருப்புங்க. அந்தப் பக்கத்துலருந்து வாங்க."

"வெட்டு ஒண்ணுக்கொண்ணு நேரா வரணுமேங்க."

"வருமுங்க. நூலுக்கு எத்தன வருசமாச் சாயம் போட்டிருக்கீங்க, நூல் புடிச்ச கோடு தெரியாதுங்களா உங்களுக்கு?"

அவனுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. பயமும் கொஞ்சம் விலகியது. குச்சியைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து இழுக்கத் தொடங்கினான். முன்னைவிட மெதுவாக இழுத்தான். அவ்வப்போது நிறுத்தி மூச்சு வாங்கினான். பொழுது உச்சிக்கு வந்து சாய்ந்தது. கடைசியில் கம்பி வெறும் காற்றில் வந்து நின்றது.

நாச்சாத்தாள் இரண்டு துண்டையும் தண்ணீரில் கழுவினார். ஒன்றின் ஓரத்தில் மட்டும் ஒரு சிறு சில்லு பெயர்ந்திருந்தது. தங்க விளிம்பு அதை மூடிவிடும். பாவாயி முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டு தேம்பினாள்.

மெருகு போட்டு முடித்ததும் நல்லப்பன் இரண்டையும் வடக்குச் சன்னலில் பார்த்தான், வாசல் வெயிலில் பார்த்தான், விளக்கேற்றிப் பார்த்தான், குப்புறப் படுத்து அண்ணாந்தும் பார்த்தான். எங்கே பார்த்தாலும் இரண்டும் ஒன்று. ஆனால் பழைய சாம்பல் இல்லை. பாதி நிறம் போயிருந்தது. விடிகாலைப் பனிமூட்டம் அளவுக்குத்தான் கறுப்பு மிஞ்சியிருந்தது.

"அம்மா, அடியில கொஞ்சம் வெளக்குமையி தடவிப் பதிச்சா பழைய நிறம் வந்துருங்க."

"வேண்டாங்கண்ணா."

"யாருக்கும் தெரியாதுங்க. நானே அளவு பாத்துக் கலக்கித் தர்றேன். பழைய கல்லு நிறம் என்ற கண்ணுலயே நிக்குது."

"உங்களால முடியும்னு தெரியுமுங்கண்ணா."

"அப்புறம் ஏனுங்க? அவரு மறுக்கா மொகத்தத் திருப்பிக்கிட்டா?"

"மையி வேண்டாம்."

நல்லப்பனுக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதன் சோறில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறான், இவருக்குக் கல்லின் சுத்தம் பெரிதாகப் போயிற்றா என்று உள்ளுக்குள் கொதித்தான். மைக்கிண்ணத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கற்களை அப்படியே ஆசாரியிடம் கொண்டுபோனான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பாவாயி கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலோரம் உட்கார்ந்தாள். இரண்டு காதிலும் தோடு இருந்தது. நாச்சாத்தாளும் நல்லப்பனும் வாசற்படிக்கு இந்தப்பக்கம் நின்றார்கள்.

பெரியவர் இந்தக் காதைப் பார்த்தார். அந்தக் காதைப் பார்த்தார். நல்லப்பன் தன் நீல நகங்களால் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டு நின்றான்.

பெரியவர் கையைத் தூக்கினார். அது நடுங்கியபடி வந்து பாவாயியின் முகவாயைப் பிடித்தது. அவள் முகத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது.

விரல் தோட்டைத் தொட்டது. தோட்டிலிருந்து மேலே போய், காதோரம் பிரிந்து தொங்கிய நரைமுடியைத் தொட்டது. அதை எடுத்து, மெல்ல அவள் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டது.

"பாவாயி."

"ஏனுங்க."

"கஞ்சிக்கு உப்புப் போட்டியா? நேத்துப் போட மறந்துட்ட."

"போட்டிருக்கேனுங்க."

அவர் வாயைத் திறந்தார்.

நல்லப்பனால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கு இறங்கிப்போய், கிணற்று மேட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். ஐம்பது வயதுக்கு மேல் அப்படி அழ முடியும் என்று அவன் நினைத்ததில்லை.

கிண்ணம் காலியான பிறகு நாச்சாத்தாள் வந்தார். இருவரும் தோட்டத்து வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். வண்டித்தடம் இருட்டத் தொடங்கியிருந்தது.

"அம்மா."

"சொல்லுங்கண்ணா."

"மையி வெக்காததுக்கு உங்க மேல கோவப்பட்டேனுங்க."

"தெரியுமுங்க."

"இன்னமும் எனக்குப் புரியலீங்க. கல்லு ரெண்டும் வெளுத்திருந்துது. அவரு மனசுல இருக்கறது பழைய நிறமில்லீங்களா? வெளுத்ததப் பாத்தும் எப்புடிங்க அவரு ஒத்துக்கிட்டாரு?"

நாச்சாத்தாள் நடந்துகொண்டே சொன்னார்:

"அந்தம்மாவுக்குத் தலை வெளுக்கறப்ப, கூடவே இருந்து பாத்தவருங்கண்ணா அவரு."